வந்த பாலை அளந்தாயா?

"ஜெயிலிலா வேலை பார்த்தீங்க? பயமா இல்லையா?"

நான் சிறைத் துறையில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவள் என்று தெரிந்ததும் பெண்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்பார்கள். கோயில் பிராகாரத்தில் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். "பயமெல்லாம் இல்லை" என்று சிரித்து மழுப்பி விடுவேன்.

உண்மையைச் சொன்னால், பயம் இருந்தது. ஆனால் கைதிகளிடம் இல்லை. என் கையில் இருந்த பேனாவிடம்! அந்தப் பயம் எப்படி வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊர் பள்ளிகொண்டா. வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் போகும் சாலையில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. ரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பதால் ஊருக்கே அந்தப் பெயர். நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். வந்த இரண்டாவது வருஷம் சிறைத் துறையில் வேலை கிடைத்தது. "ஜெயிலுக்கா பொம்பளையை அனுப்புவாங்க?" என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். என் மாமியார்தான், "வேலூர் ஜெயிலுக்கு ராஜாஜியே போனாரு, காமராசரே போனாரு. என் மருமக சம்பளத்துக்குப் போறா. இன்னா தப்பு?" என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்தார்.

அவர் சொன்னது சரிதான். ராஜாஜி 1921-22-ல் வேலூர்ச் சிறையில் இருந்தார். காமராஜர் 1940-ல் கைதாகி அங்கேதான் கொண்டு வரப்பட்டார். உப்புச் சத்தியாகிரகத்தில் கைதான துர்காபாய் தேஷ்முக் அம்மையாரும் வேலூரில் சிறையிருந்தவர். சிறையில் தம்மோடு இருந்த ஏழைப் பெண்கள், தங்களுக்காகப் பேச ஒரு வக்கீல்கூட இல்லாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் சட்டம் படிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பிறகு சென்னையில் வக்கீலானார். அரசியல் நிர்ணய சபையிலும் அங்கம் வகித்தார். இதெல்லாம் எனக்கு வேலையில் சேர்ந்தபோது தெரியாது. தெரிந்திருந்தால், ஒருவேளை, நான் செய்த தவற்றைச் செய்திருக்க மாட்டேனோ என்னவோ!

உள்ளேயும் ஓர் ஊர்

சிறை வேலை என்றால் பூட்டுவதும் திறப்பதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உள்ளே ஓர் ஊரே இருக்கிறது. சமையல், துவையல், தையல், ஆஸ்பத்திரி, கோள் மூட்டுவது, ராசியாவது எல்லாம் உண்டு. ஊர் என்றால் திருட்டும் புகாரும் இருக்கத்தானே செய்யும்? யாராவது விசாரித்தாக வேண்டுமே!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், சிறைக்குள் நடக்கும் குற்றங்களைத் துப்பறிய என்றே சிறைத் துறைக்குள் தனி அலுவலகம் இருக்கிறது. நம் தமிழ்நாட்டு வழக்கம் வேறு. உள்ளே பெரிய குற்றம் நடந்தால், அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் போகும். காவலில் ஒருவர் இறந்துபோனால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்று 2006 முதல் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால், "சோப்பைக் காணோம்", "அடித்தாள்", "எதிர்த்துப் பேசினாள்" என்று தினமும் வரும் புகார்களை நாங்களேதான் விசாரிக்க வேண்டும். உதவி ஜெயிலராக இருந்த நான் எல்லாரையும் கேட்டு அறிக்கை எழுதுவேன். அதைப் பார்த்து, கைதியையும் கேட்டு, சூப்பிரண்டெண்டு முடிவு செய்வார். எங்களுக்கு வழிகாட்டி, வெள்ளைக்காரன் காலத்து 1894-ம் வருஷச் சிறைச் சட்டம். எச்சரிக்கை செய்து விடுவதிலிருந்து தனி அறை வரைக்கும் தண்டனைகள் அதில் இருந்தன. கொடுத்த தண்டனையை அதற்கென்று இருக்கும் புத்தகத்தில் எழுத வேண்டும்.

வெளியில் இருப்பவர்களுக்கு இவை சின்ன விஷயங்கள். உள்ளே இருப்பவளுக்கு அப்படி இல்லை. நன்னடத்தைக்காகக் கழிக்கப்படும் தண்டனை நாட்கள் போய்விடும். வீட்டார் வந்து பார்ப்பது நின்றுவிடும். வீட்டார் வந்து பார்ப்பதை எங்கள் பாஷையில் 'மனு' என்போம். "இன்னிக்கு எனக்கு மனு வருது" என்று ஒருத்தி சொன்னால், அன்று அவள் தலைக்குக் குளித்து, இருக்கிற புடவையில் நல்லதாகப் பார்த்துக் கட்டியிருப்பாள்.

பால் குறைந்தது

இது 1994-ல் நடந்தது. எந்தச் சிறை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அதில் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

பெண்கள் சிறையில் தாய்மாரோடு சின்னக் குழந்தைகளும் இருக்கும். அப்போது எங்களிடம் பன்னிரண்டு குழந்தைகள். அவர்களுக்கு என்று தினமும் ஆறு லிட்டர் பால் வரும். காலையில் குழந்தைக்குக் கால் லிட்டர், மாலையில் கால் லிட்டர். கணக்கு மிகச் சரியாக இருக்கும். எங்களுக்குப் பாக்கெட் பால் வராது. பால்காரர் கேனில் கொண்டுவந்து, வாசலில் லிட்டரால் ஆறு தடவை அளந்து ஊற்றுவார். டியூட்டியில் இருக்கும் அதிகாரி கேட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார். பால் சமையல் கட்டுக்குப் போகும். அங்கே காய்ச்சி, பாதியைக் காலையில் கொடுத்துவிட்டு, மீதியை மாலைக்கு மூடி வைப்பார்கள்.

ஒருநாள் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு என் முன்னால் வந்து நின்றாள். "அம்மா, சாயங்காலம் எங்க ரெண்டு பேர் குழந்தைக்குப் பால் வரதில்லம்மா. கடைசியில போய் நிக்கிறோம், பாத்திரம் காலியா இருக்குது. ஒரு வாரமா இப்படித்தான்" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. என் மகளுக்கும் அப்போது மூன்று வயசு. குழந்தை வாயில் போகும் பாலை எடுத்தது யார்?

சமையல் கட்டில் பாலைப் பார்த்துக்கொண்டவளை முனியம்மா என்று வைத்துக்கொள்வோம். அவள் உண்மைப் பெயர் அதுவல்ல. ஒரு கடையில் திருடியதற்காகத் தண்டனை அடைந்து வந்தவள். அதற்கு முன்னும் ஒரு தடவை திருட்டு வழக்கில் வந்திருக்கிறாள். இது போதாதா?

காலையில் பால் சரியாக இருக்கிறது. மாலையில் குறைகிறது. நடுவில் பால் இருப்பது முனியம்மா பொறுப்பில். அவளோ திருடி! என் மனசுக்குள் விசாரணை அந்த நிமிஷமே முடிந்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் வெறும் எழுத்து வேலை.

அவளைக் கூப்பிட்டு, "பாலை என்ன செய்தே?" என்று கேட்டேன். "பால் குறைகிறதே, உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்கவில்லை, பாருங்கள்! இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. காய்ச்சினா கொஞ்சம் சுண்டும்."

"சுண்டினால் இரண்டு குழந்தைக்கு இல்லாமல் போகுமா? யாரிடம் கதை விடுகிறாய்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க முடிவு பண்ணிட்டுத்தான் கூப்டுகிறீங்கம்மா. நான் இன்னா சொல்றது?" என்றாள். அப்புறம் வாயைத் திறக்கவே இல்லை.

"விசாரித்தபோது தகுந்த பதில் சொல்லாமல் மௌனமாக இருந்தார்" என்று எழுதினேன். மௌனத்தையே சாட்சியாக்கிவிட்டேன்! சூப்பிரண்டெண்டு அம்மாவுக்கு நூறு வேலை. என்னை நம்பியவர். அவர் கேட்டபோதும் முனியம்மா பேசவில்லை. அவளைச் சமையல் கட்டிலிருந்து மாற்றினார்கள். ஒரு மாதத்துக்கு மனு கிடையாது என்று தண்டனைப் புத்தகத்தில் ஏறியது.

கடலை உருண்டை

அடுத்த வாரம் எனக்கு விடுப்பு. கிளம்பும் சமயம் வாசலில் ஏதோ சத்தம். ஒரு கிழவியும் ஏழெட்டு வயசுப் பையனும் காவலரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். "இந்த மாசம் பாக்க முடியாதும்மா, அவ தப்பு பண்ணிட்டா. அடுத்த மாசம் வாங்க" என்று காவலர் சொல்லிக்கொண்டிருந்தார். முனியம்மாவின் அம்மாவும் மகனும்தான். நான் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டேன்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆம்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். காக்கி இல்லை, சாதாரணப் புடவை. பஸ் கிளம்பும் நேரம், மூச்சிரைக்க ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள், அந்தக் கிழவியும் பையனும்! எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை.

"மாதனூருக்கு ஒண்ணு, ஒரு அரை" என்று டிக்கெட் வாங்கினாள் கிழவி. காசை எண்ணும்போது அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெடித்து, வெள்ளை பூத்திருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் கையைப் பார்த்தால் தொழில் தெரிந்துவிடும். டேனரியில் சுண்ணாம்பில் ஊறிய தோலை அலசும் கை.

"எங்கே போயிட்டு வரீங்க, ஆயா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்கும்மா" என்றாள் கிழவி சட்டென்று. பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வயசிலேயே அவனுக்கு எதை வெளியில் சொல்லக்கூடாது என்று தெரிந்திருந்தது.

அவன் மடியில் ஒரு காகிதப் பொட்டலம். விரிஞ்சிபுரம் தாண்டியதும் அதைப் பிரித்தான். வேர்க்கடலை உருண்டை நாலு. ஒன்றை எடுத்து ஆயாவிடம் நீட்டினான். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"தின்னுங்க. எங்கம்மாவுக்குப் பண்ணது. அவங்களுக்கு உடம்பு சரியில்ல, திங்கக் கூடாதாம்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன். பள்ளிகொண்டா வந்துவிட்டது. இறங்கினேன். பஸ் போன பிறகும் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். தின்னவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

மாமியார் கேட்ட கேள்வி

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று அத்தை கேட்டார். ஊர் பேர் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆமா, வந்த பாலை நீ அளந்து பாத்தியா?"

"வாசலில் அளந்துதானே அத்தை ஊற்றுகிறார்கள்?"

"அது அவன் அளந்தது. நீ அளந்தியான்னு கேக்கறேன். வந்த பாலை மொதல்ல அளக்கணும். அப்பறந்தான் போன பாலைத் தேடணும்."

மறுநாள் விடியற்காலையில் எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் பெண் வந்தாள். அத்தை வழக்கம்போல அவள் லிட்டரை வாங்கி, உள்ளே கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எட்டு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். தினமும் அவர் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வேலைக்குத் திரும்பியதும், யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். காலையில் பால் காய்ச்சும்போது பக்கத்திலேயே உட்கார்ந்தேன். காலைப் பங்கு கொடுத்ததும் மீதிப் பாலை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். மாலையில் நானே திறந்தேன். நானே ஊற்றினேன். கடைசி இரண்டு குழந்தைக்குப் பால் இல்லை!

முனியம்மா அப்போது சமையல் கட்டுப் பக்கமே இல்லை. சாவி என்னிடம். அப்படியானால் திருடியது நானா?

அடுத்த நாள் காலை, ஸ்டோரில் எண்ணெய் அளக்கும் லிட்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அது முத்திரை குத்தியது. பால்காரர் தன் லிட்டரில் நிறைத்துத் தந்ததை இதில் ஊற்றச் சொன்னேன். விளிம்புக்கு எட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் நூறு மில்லிக்குக் குறையாமல் இறக்கம். அவர் லிட்டரை வாங்கி உள்ளே கையை விட்டேன். அடி மேல்நோக்கித் தட்டப்பட்டு, கவிழ்த்த கிண்ணம்போல மேடாக இருந்தது. பழைய லிட்டர் ஒடுங்கிவிட்டதாக அவர் சொன்னார். தட்டியது யார் என்று தெரியாது. ஆனால் ஆறு லிட்டர் என்று வந்தது ஐந்து லிட்டரும் நானூறு மில்லியும்தான். குறைந்த அறுநூறு மில்லி காலையில் தெரியாது, ஏனென்றால் பானையில் இன்னும் பால் இருக்கும். மாலையில், கடைசியில் நிற்கும் இரண்டு குழந்தைகளிடம்தான் தெரியும்.

கேட் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். 'பால் 6 லிட்டர். சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளப்பட்டது.' கீழே கையெழுத்து. அந்த ஒரு மாதத்தில் ஒன்பது நாள் என் கையெழுத்து! ஒருநாள்கூட நான் சரிபார்க்கவில்லை. திருடியைப் பிடிக்கக் கிளம்பியவள் கடைசியில் பிடித்தது என் கையெழுத்தைத்தான்.

இரண்டாவது அறிக்கை

இரண்டாவது அறிக்கை எழுத உட்கார்ந்தபோது என்னுடன் வேலை பார்த்தவர் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "பால்காரனை மாத்தச் சொல்லிட்டு விட்டுடு. முனியம்மாவுக்கு இன்னும் பதினெட்டு நாள்தானே? தானா முடிஞ்சிடும். நீயே எழுதினதை நீயே தப்புன்னு எழுதினா அது உன் ஃபைல்ல காலத்துக்கும் நிக்கும்."

பதினெட்டு நாள்தானே! எனக்கு அந்தக் கடலை உருண்டை ஞாபகத்துக்கு வந்தது. எழுதினேன். என் ஒன்பது கையெழுத்தையும் தேதியோடு எழுதினேன்.

சூப்பிரண்டெண்டு அம்மா படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. "ஏம்மா, ரெண்டு ரிப்போர்ட்டும் நீதானே எழுதினே?" என்று மட்டும் கேட்டார். முனியம்மாவின் தண்டனை அன்றே ரத்தானது. பால்காரர் மாறினார். எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன். அடுத்து வரவேண்டிய பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதைப் பற்றி நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். வருத்தப்பட்டேன். ஆனால் அது நியாயம்தான் என்றும் தெரிந்திருந்தது.

முனியம்மாவை நானே போய்ப் பார்த்தேன். "என் மேல் தப்பு. நீ மறுபடியும் சமையல் கட்டுக்கு வரலாம்" என்றேன். அழுவாள், கும்பிடுவாள் என்று மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"வேணாம்மா. துவையலுக்கே போறேன். நாளைக்கு உப்பைக் காணோம்னாலும் எல்லாரும் என்னைத்தான் பாப்பீங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த ரெண்டு குழந்தைக்கும் இப்ப பால் குடுக்கறாங்களா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் சர்வீஸ் முழுக்க எத்தனையோ விசாரணை செய்தேன். கள்ளத்தனமாக உள்ளே வந்த பொருள்கள், அடிதடி, பொய்ப் புகார், உண்மைப் புகார், எல்லாம் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பேனாவைத் திறக்குமுன் அத்தையின் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

காலம் மாறியிருக்கிறது

இப்போது எவ்வளவோ மாறியிருக்கிறது. தாயோடு சிறையில் ஆறு வயது வரை குழந்தை இருக்கலாம், அந்தக் குழந்தையைக் கைதியாக நடத்தக்கூடாது, உணவும் மருத்துவமும் படிப்பும் விளையாட்டும் அதற்கு உரிமை என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிறையில் இருக்கும்போது குழந்தை பிறந்தால், பிறப்புச் சான்றிதழில் சிறை என்று எழுதக்கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மனித மனசு அவ்வளவு சீக்கிரம் மாறுகிறதா? 2024-ல் பேப்பரைப் பிரித்ததும் எனக்குக் கையிலிருந்த காபி ஆறிப்போயிற்று. வேலூர் மத்திய சிறையின் ஆயுள் கைதி ஒருவரை அதிகாரி வீட்டு வேலைக்கு அனுப்பியதாகவும், அங்கே பணம் திருடியதாகச் சொல்லி அடித்துத் தனி அறையில் அடைத்ததாகவும் அவருடைய தாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தார். நீதிமன்ற உத்தரவின்மேல் சி.பி.சி.ஐ.டி. போலீசார் சிறை அதிகாரிகள் மீது வழக்குப் பதிவு செய்தார்கள். யார் குற்றவாளி என்று சொல்ல வேண்டியது கோர்ட், நான் இல்லை. ஆனால் சிறைக்குள்ளே நடப்பதை விசாரிக்க வைத்தது ஒரு தாய் போட்ட மனு என்பதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். மாதனூர்க் கிழவிக்கு அந்த வழி தெரிந்திருந்தால், என் முதல் அறிக்கை எத்தனை நாள் நின்றிருக்கும்?

ஆகவே, சகோதரிகளே, ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாம், உங்கள் தெருவில் யாருக்காவது உதவும். 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசமாக வக்கீல் கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வக்கீல் இல்லாமல் கிடந்த பெண்களைப் பார்த்து துர்காபாய் அம்மையார் வருந்திய காலம் போய், இந்த வழி திறந்திருக்கிறது. திறந்திருக்கும் வழி தெரியாமல் யாரும் நிற்கக்கூடாது.

நம் வீட்டுக் கோர்ட்டில்

சிறைக் கதை நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். நம் வீட்டிலும் தினமும் விசாரணை நடக்கிறது. ஒரு மோதிரம் காணோம் என்றால் நம் கண் முதலில் எங்கே போகிறது? வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடம். பிஸ்கட் டப்பா காலி என்றால்? போன வாரம் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையிடம். ஒருதரம் தப்புச் செய்தவர் தலையில் எல்லாத் தப்பையும் கட்டுவது எவ்வளவு சௌகரியம்!

ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டிலேயே இது நடந்தது. பேத்தியின் கம்மல் ஒன்றைக் காணோம். மருமகள், வேலைக்கு வரும் பெண்ணின் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். "இரும்மா. முதலில் நாம் தேடுவோம்" என்றேன். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டிய துண்டு, தலையணை உறை, ஸ்கூல் பை என்று ஒவ்வொன்றாக உதறினோம். துவட்டிய துண்டின் நூலில் மாட்டிக்கொண்டிருந்தது கம்மல். துவட்டியது யார்? நான்தான்!

கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். முடிவு செய்துவிட்டுக் கேட்காதீர்கள். எதிரே இருப்பவர் பேசாமல் நின்றால் ஒப்புக்கொண்டார் என்று எண்ணாதீர்கள். பேசிப் பயனில்லை என்று தெரிந்தவர்களும் பேசாமல்தான் நிற்பார்கள். குழந்தைகள் முக்கியமாக. பொருளைத் தேடுமுன், அது வந்ததா, யார் வாங்கினார்கள், யார் எண்ணினார்கள் என்று பாருங்கள். அந்தக் கணக்கில் உங்கள் கையும் இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். தப்பு நம்முடையது என்று தெரிந்தால், பிள்ளையிடமோ வேலைக்காரப் பெண்ணிடமோ வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "பதினெட்டு நாள்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

முனியம்மா தண்டனை முடிந்து போய்விட்டாள். அவளையோ அந்தப் பையனையோ நான் பிறகு பார்க்கவில்லை. அவனுக்கு இப்போது நாற்பதை நெருங்கும். பஸ்ஸில் கடலை உருண்டை வாங்கிக்கொண்ட அம்மாள் யார் என்று அவனுக்குத் தெரியாது. அன்று மாதனூர் வரைக்கும் போய் அவனிடம் சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

அத்தை காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பாக்கெட் பால்தான் இப்போது எங்கள் வீட்டுக்கும் வருகிறது. ஆனாலும் அவருடைய பழைய பித்தளை லிட்டர் சமையலறைப் பரணில் இருக்கிறது. பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது இறக்கிப் புளி போட்டுத் தேய்ப்பேன். தேய்த்து முடித்ததும், என்னை அறியாமல், உள்ளே கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.